டோர்கஸ் ஹோல்ட்டுக்கு யாரும் அனுமதி தரவில்லை

எங்கள் ஊர் ஹை ஃபோல்டிலிருந்து கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் கிரிம்டன் நெசவாலைக்கு மேட்டு வழியாகப் போனால் இரண்டு மைல். வண்டிச் சாலையைச் சுற்றிக்கொண்டு போனால் ஒன்பது மைல். டோர்கஸ் ஹோல்ட்டின் வாழ்க்கையைச் சொல்ல வருகிறவன் இந்த இரண்டு எண்களை முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நடந்ததெல்லாம் இந்த ஏழு மைல் வித்தியாசத்தில்தான் நடந்தது.

1896இல், பதினொரு வயதில், அரைநாள் ஆலை அரைநாள் பள்ளிக்கூடம் என்று அவளை அனுப்பி வைத்தார்கள். ஆலையில் நின்றாள், பள்ளிக்கூடத்தில் தூங்கினாள். பதிமூன்று வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோய் ஆலை மட்டும் மிஞ்சியது. இருபது வயதில் நான்கு தறிகளுக்குச் சொந்தக்காரியானாள். சொந்தம் என்றால், அந்த நான்கும் ஓடாவிட்டால் வசவு அவளுக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்க வந்த ஒருவனும் பள்ளத்தாக்கில் வீடு உள்ளவன். மேட்டை விட்டு இறங்கி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தம்பி ஜெத்ரோ கல்லுடைக்கும் வேலை பார்த்தான். அவன் மனைவி சீக்கிரமே இறந்துவிட, அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் கிடந்தார்கள்.

காலை ஐந்து மணிக்கு ஹை ஃபோல்டின் பெண்கள் முப்பது பேர் கிளம்புவார்கள். காலில் லாடம் அடித்த மரச்செருப்பு, தலையில் சால்வை, கையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கு. முப்பது ஜோடி மரச்செருப்பு கல்பாவிய வழியில் இறங்கினால் கிரிம்டன் வரைக்கும் கேட்கும். திருட்டுத்தனமாக நடந்தார்கள் என்று ஒருவனும் சொல்ல முடியாது.

அந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் ஊர்ப் பொது. ஆடு மேய்த்தார்கள், அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்தார்கள். எங்கள் பக்கத்து நிலக்காரர் சர் ரோலண்ட் தோர்ன்கேட்டின் கொள்ளுத்தாத்தா லண்டனுக்குப் போனார். தன்னைப் போன்ற நிலக்காரர்களே உட்கார்ந்திருந்த சபையில் மேடு தனக்கே சொந்தம் என்று ஒரு சட்டம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். மறு வருடம் மேட்டைச் சுற்றிச் சுவர் எழுந்தது. அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவர்கள் ஹை ஃபோல்ட் ஆண்கள்தான், தினக்கூலிக்கு. தங்களையே வெளியே நிறுத்தித் தாங்களே கதவைச் சாத்திக்கொண்ட கூட்டம் வேறெங்காவது உண்டா? இந்த ஒற்றை வழி மட்டும் எப்படியோ தப்பியது. சுவரில் ஒரு கிராதிக் கதவு வைத்தார்கள். அதற்குப் பூட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1911இல் சர் ரோலண்டின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் தெற்கிலிருந்து ஒரு புது ஏஜெண்டு வந்தார். பெயர் பார்ட்ஸ்லி. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹை ஃபோல்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முயல் வந்தது. முயலின் காலில் கட்டி ஒரு தடித்த அட்டை, ஓரத்தில் பொன் கோடு. ஜெத்ரோ அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தான்.

"திரு. ஜெத்ரோ ஹோல்ட், வரும் ஆண்டு முழுவதும் என் நிலத்தின் வழியே நடந்து செல்ல அன்புடன் அனுமதிக்கப்படுகிறார். இச்சீட்டு பெயருக்கு உரியவருக்கு மட்டும். பிறர் பயன்படுத்தலாகாது."

"பாத்தியா அக்கா, என் பேரை எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க. எனக்கு மட்டும்னு வேற போட்டிருக்கு."

"நீ தவழ்ந்த நாள்லேருந்து போற வழிக்கு இவன் யாருடா உத்தரவு குடுக்க?"

"குடுத்துட்டுப் போறான். கூடவே முயலும் குடுக்குறானே. சும்மா வர்றதை எதுக்கு வேணாங்கணும்?"

"முயலு சும்மா வந்துச்சு, சரி. அட்டை எதுக்கு வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எங்கள் மேட்டில் மேய்ந்த முயலை எங்களுக்கே கொடுத்து, எங்கள் வழியில் நடக்க எங்களுக்கே அனுமதியும் கொடுத்த தாராளத்தை வேறு எப்படிச் சொல்வது? அப்போது யாருக்கும் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடுத்ததை நன்றி சொல்லி வாங்காமல் திருப்பி அனுப்புவது எங்கள் மேட்டில் கெட்ட பழக்கம். முயலை மாவில் பொதிந்து சுட்டார்கள். டோர்கஸும் இரண்டு தரம் வாங்கித் தின்றாள்.

இப்படி இருபத்தைந்து கிறிஸ்துமஸ் போயிற்று. ஜெத்ரோ இருபத்தைந்து அட்டைகளையும் பிஸ்கட் டப்பாவில் வருட வாரியாக அடுக்கி, கடிகாரத்துக்குப் பின்னால் வைத்திருந்தான்.

1936 மார்ச்சில் சர் ரோலண்ட் மேட்டை வேட்டைக்குக் குத்தகைக்கு விட்டார். எடுத்தவர் லண்டன் பணக்காரர். வருடத்தில் சில நாள் வந்து காட்டுக்கோழி சுடுவார். கோழி அடைகாக்கும் காலத்தில் மரச்செருப்புச் சத்தம் கூடாது என்று அவர் சொன்னாராம். ஒரு திங்கட்கிழமை காலை பெண்கள் போய்ப் பார்த்தால் கிராதிக் கதவில் சங்கிலி, பூட்டு, பலகை. "தனியார் நிலம். அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்."

ஆலையில் டோர்கஸுக்கு நாலு தறி தள்ளி நிற்கிற ஃபீபி விளக்கைத் தூக்கிப் பலகையைப் பார்த்தாள்.

"கோழிக்குப் பிரசவமாம்டி. நமக்குப் பிரசவம் ஆனப்ப நாலாம் நாளு தறிக்கு வரச் சொன்னாங்க. கோழிக்கு ரெண்டு மாசம் லீவாம்."

யாரும் சிரிக்கவில்லை. திரும்பி ஒன்பது மைல் நடந்தார்கள். ஆலைக் கதவு ஆறு மணிக்குச் சாத்திவிடும். எட்டரைக்குப் போய் நின்ற முப்பது பேரையும் மேஸ்திரி உள்ளே விடவில்லை. ஒரு வாரம் இப்படி வந்தால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். ஊரில் பாதி ஆலைகள் மூடிக் கிடந்த காலம் அது. தறிக்காக வாசலில் ஆள் நின்றது. தறி போனால் வீடு போகும். முப்பது பெண்கள் மேட்டை விட்டுக் கிளம்பினால் ஹை ஃபோல்டில் மிஞ்சுவது காலி வீடுகளும் காட்டுக்கோழியும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை டோர்கஸ் சாப்பாட்டுத் தூக்கோடு ஜெத்ரோவின் கல்லுடைக்கும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டாள். வயது ஐம்பத்தொன்று. நான்கு அடியில் சங்கிலி அறுந்தது. காவல்காரன் ஈனாக் சத்தம் கேட்டு ஓடி வந்தான். கெட்டவனில்லை. இருபது வருடமாகத் தினமும் அந்த இடத்தில் நின்று அவர்களுக்குக் காலை வணக்கம் சொன்னவன்.

"என்னக்கா இது, என் வேலைக்கு உலை வைக்கிறியே!"

"உன் வேலைக்கு நான் வைக்கலப்பா. எங்க வேலைக்கு உங்க ஐயா வச்சாரு. போய்ச் சொல்லு, டோர்கஸ் ஹோல்ட்டுதான் உடைச்சான்னு. பேரைச் சரியாச் சொல்லு."

அவன் சரியாகவே சொன்னான். பத்து நாளில் அத்துமீறல் வழக்கு வந்தது, அவள் பெயருக்கு மட்டும். சங்கிலி மறுபடி ஏறியது. வழக்கு முடியும் வரை நடக்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. பெண்கள் இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்து ஒன்பது மைல் நடந்தார்கள். போக ஒன்பது, வர ஒன்பது. அதில் இரண்டு பேர் நோயில் விழுந்தார்கள், தறியும் போயிற்று.

நடைவழிகளைக் காக்கும் சங்கம் ஒன்று நகரத்திலிருந்து ஓர் இளம் வக்கீலை இலவசமாக அனுப்பியது. அவர் டோர்கஸின் அடுக்களையில் உட்கார்ந்து சட்டத்தை எளிதாகச் சொன்னார். ஒரு வழியில் ஜனங்கள் இருபது வருடம் தொடர்ந்து, வெளிப்படையாக, கதவை உடைக்காமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் நடந்திருந்தால் அது பொதுவழி. நான்கு வருடத்துக்கு முன்னால்தான் பார்லிமென்ட் அதை எழுத்தில் போட்டது.

"இருபதா? நான் நாப்பது வருஷமா நடக்குறேனே ஐயா!" என்றாள் டோர்கஸ்.

"அப்ப ஜெயிச்சாச்சு. அனுமதின்னு எதுவும் யாரும் வாங்கலையே?"

ஜெத்ரோ பெருமையோடு எழுந்து கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். வக்கீல் முதல் அட்டையைப் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஜெத்ரோ மெல்ல உட்கார்ந்துவிட்டான்.

"இதை எல்லா வீட்டுலயும் வாங்குனீங்களா? 1911லேருந்தா?"

"ஆமாங்க. முயலோட."

"1911க்கு முன்னாடி நடந்ததுக்கு இப்ப உயிரோட இருக்குற சாட்சி யாரு?"

இருக்கிறவர்களில் மூத்தவள் டோர்கஸ்தான். அவள் கணக்கில் அது பதினைந்து வருடம். சட்டத்துக்கு இருபது வேண்டும். அவளைவிட மூத்தவர்கள் எல்லாம் கல்லறையில். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை என்பது இதுதான். பார்ட்ஸ்லி கொடுத்தது பரிசு அல்ல. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வழியில் ஒரு முழத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மிச்சம் நாங்கள் நன்றி சொன்ன வாய்தான்.

வக்கீல் போனபிறகு டோர்கஸ் பொரிந்து தள்ளினாள்.

"இருபத்தஞ்சு முயலுக்கு நம்ம ஊரையே வித்துட்டியேடா!"

"எனக்கு என்னக்கா தெரியும்? நீயும்தானே தின்ன!"

"தின்னேன். தின்னதுக்குத்தான் இப்ப வயிறு எரியுது. அவங்க கோர்ட்டுல கூப்பிட்டா போகாத, காய்ச்சல்னு படுத்துக்க."

"பைபிள்ல கை வச்சுப் பொய் சொல்லச் சொல்றியா? கோயில்ல மணி அடிக்கிறவன் நான்."

பொய் சொல்லத் தெரிந்த தம்பியாக அவனை வளர்க்கவில்லையே என்ற கோபம் அவளுக்கு. அடுத்த மூன்று வாரம் இருவரும் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிட்டார்கள்.

கிரிம்டன் நீதிமன்றத்தில் ஜூன் மாதம் விசாரணை. பார்ட்ஸ்லி கூண்டில் ஏறி, தன் எஜமானரின் அன்பைப் பற்றியும் அந்த அன்பு எப்படி வருடா வருடம் அட்டையில் அச்சானது என்பதைப் பற்றியும் சொன்னார். பிறகு ஜெத்ரோவைக் கூப்பிட்டார்கள். டப்பாவோடு ஏறினான். சர் ரோலண்டின் வக்கீல் ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் கேட்டார். இது உங்கள் பெயர்தானே? ஆமாங்க. வாங்கிக்கொண்டீர்களா? வாங்கிக்கிட்டேங்க. நன்றி சொன்னீர்களா? சொன்னேங்க, முயல் நல்லாத்தான் இருந்துச்சு. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார். ஜெத்ரோ இறங்கும்போது அக்காவைப் பார்க்காமல் இறங்கினான்.

இந்த இடத்தில் ஆலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானூறு தறி ஓடும் கொட்டகையில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நெசவுக்காரிகள் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள், எதிரே இருப்பவள் உதட்டைப் பார்த்தே கேட்பாள். நாலு தறி தள்ளி நிற்கிறவளோடு கதை பேசுவார்கள், சண்டை போடுவார்கள், யாருக்கு யாரோடு கல்யாணம் என்று முடிவு செய்வார்கள். கிரிம்டனில் வளர்ந்தவன் எவனும் நெசவுக்காரி பார்க்கும்படி ரகசியம் பேச மாட்டான், முதுகைத் திருப்பிக்கொள்வான். பார்ட்ஸ்லி இருபத்தைந்து வருடம் எங்களிடையே இருந்தும் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ள நாங்கள் அவருக்கு ஒரு பொருட்டா என்ன?

ஜெத்ரோ இறங்கியதும், கூடத்தின் எதிர்ப்பக்கத்தில், இருபதடி தள்ளி, சர் ரோலண்டின் வக்கீல் பார்ட்ஸ்லியின் பக்கம் சாய்ந்தார். வாய் முணுமுணுத்தது. டோர்கஸ் நாற்பது வருடப் பழக்கத்தில் அதைப் பார்த்தாள்.

"பொம்பளைங்களுக்கும் சீட்டு குடுத்தீங்கல்ல?" என்றது வக்கீலின் உதடு.

"பொம்பளைங்களுக்கா? மில்லுக்குப் போற கழுதைங்களுக்கு எவன் பொன் கோடு போட்டு அட்டை அடிப்பான்? அதுங்க பாட்டுக்குப் போகும் வரும். கணக்குலயே கிடையாது."

வக்கீலின் முகம் மாறியது. "இதைக் கேக்க மாட்டாங்க. விடுங்க" என்றது அவர் உதடு.

டோர்கஸுக்குக் காது சூடேறியது. ஏதோ புதுச் சேதி என்பதால் அல்ல. பெண்களுக்குச் சீட்டு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாததா? கூலிச் சீட்டிலும் வாடகைச் சீட்டிலும் கோயில் பெஞ்சிலும் எழுதியிருப்பது வீட்டு ஆண் பெயர்தான். எதிலும் தங்கள் பெயர் இல்லாமலிருப்பது அந்தப் பெண்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. அட்டையிலும் இல்லை என்பது ஒரு விஷயமாகவே படவில்லை. அவர்களுக்காக வாதாட வந்த இளம் வக்கீலுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றாது என்று அந்தப் பக்கத்து வக்கீலுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவளைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். தன் வக்கீல் வாயைத் திறக்கும் முன்னே நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அந்த அட்டையில கடைசி வரியைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க."

"ஏம்மா, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லணும்."

"யாரும் கேக்க மாட்டேங்குறாங்களே ஐயா. கேக்க மாட்டாங்கன்னு அவங்களே பேசிக்குறாங்க."

எதிர்ப்பக்க வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி கையை உயர்த்திவிட்டு, ஓர் அட்டையை எடுத்துத் தானே படித்தார். "இச்சீட்டு பெயருக்கு உரியவருக்கு மட்டும். பிறர் பயன்படுத்தலாகாது." இரண்டாவது தரம் மெல்லப் படித்தார்.

"நீங்க இதை வச்சுக்கிட்டு நடந்தீங்களாம்மா?"

"அது என் தம்பி பேருல இருக்குங்க. பிறர் தொடக் கூடாதுன்னு ஏஜெண்டு ஐயாவே எழுதியிருக்காரு. நான் தொடல. இங்க உக்காந்திருக்குற பொம்பளைங்க முப்பது பேருல ஒருத்தி பேருலயும் அட்டை வந்ததில்ல. வேணும்னா ஒவ்வொருத்தியா ஏறிச் சொல்லுவாங்க. நாங்க இருட்டுல ஒளிஞ்சு போகல. லாடம் அடிச்ச செருப்புல போனோம். காவல்காரரு தினம் வணக்கம் சொன்னாரு. இந்த மார்ச் வரைக்கும் கதவு பூட்டுனதே இல்ல. எங்களை யாரும் போகாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. எங்களை ஆளாவே மதிக்கல ஐயா. மதிக்காதவங்களுக்கு அனுமதி மட்டும் எப்படிக் குடுத்திருப்பாங்க?"

நீதிபதி பார்ட்ஸ்லியை மறுபடி கூண்டில் ஏற்றினார்.

"பெண்களில் யாருக்காவது, எந்த வருடமாவது, சீட்டு கொடுத்தீர்களா?"

"குடும்பத் தலைவருக்குக் கொடுத்தால் குடும்பத்துக்கே கொடுத்த மாதிரிதான், கனம் நீதிபதி அவர்களே."

"பிறர் பயன்படுத்தலாகாது என்று எழுதியது யார்?"

பார்ட்ஸ்லி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான்."

"முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பெண்களுக்குக் கொடுத்தீர்களா?"

"இல்லை."

தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. ஹை ஃபோல்டின் பெண்கள் இருபத்தைந்து வருடமாக யாருடைய அனுமதியும் இன்றி, உரிமையோடு, வெளிப்படையாக அந்த வழியில் நடந்திருக்கிறார்கள், அவர்களும் பொதுமக்களே, எனவே அது பொதுவழி. "அவர்களும் பொதுமக்களே" என்று ஒரு நீதிபதி எழுதித்தான் தெரிய வேண்டியிருந்தது. மறுநாள் கிரிம்டன் பத்திரிகை போட்ட தலைப்பு என்ன தெரியுமா? "ஹை ஃபோல்ட் ஆண்கள் வழியை மீட்டனர்." ஃபீபி அந்தத் தாளில் மீன் பொரியலைப் பொதிந்து தின்றாள்.

வீட்டில் ஜெத்ரோ பிஸ்கட் டப்பாவை அடுப்புக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இதைப் போட்டு எரிச்சிரட்டுமாக்கா?"

"எதுக்குடா? அந்தக் கடைசி வரிதானே நம்மளக் கரை சேத்துச்சு. எடுத்த இடத்துல வை. வச்சுட்டு வந்து சாப்பிடு."

மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த மேசையில் பேச்சு நடந்தது.

டோர்கஸ் அதற்குப் பிறகும் பதினான்கு வருடம் தறியில் நின்றாள். ஒரு போர் வந்து போயிற்று. நாடெங்கும் நடைவழிகளை வரைபடத்தில் ஏற்றச் சட்டம் வந்து, அதிகாரிகள் மேட்டுக்கு ஏறி வந்தபோது, அவர்களோடு நடந்து ஒவ்வொரு கதவையும் காட்டினாள். வரைபடத்தில் அந்த வழி ஒரு புள்ளிக் கோடு. அதற்குப் பெயர் எதுவும் போடவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஆனால் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வதெல்லாம் தீர்ப்புக்கு அடுத்த திங்கட்கிழமையைப் பற்றித்தான். காலை ஐந்து மணி. முப்பது ஜோடி மரச்செருப்பும் இறங்கி வந்தன. தறி போன இரண்டு பேரும் பழக்கத்தில் கூடவே வந்தார்கள். சங்கிலி இல்லை, பலகை இல்லை. காவல்காரன் ஈனாக் கிராதிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி நின்றான்.

"வாங்கக்கா. எல்லாரும் வாங்க. தாராளமாப் போங்க."

டோர்கஸ் நின்றாள். பின்னால் மற்றவர்களும் நின்றார்கள்.

"இது யாரு சொல்லிப் பண்ற?"

"ஏஜெண்டு ஐயாதான் சொன்னாரு. தினம் காலைல வந்து திறந்து பிடிச்சுக்கிட்டு, போங்கன்னு மரியாதையாச் சொல்லணுமாம். நல்லதுக்குத்தானேக்கா?"

"முயலும் அனுப்பியிருக்காரா?"

ஈனாக்குக்குப் புரியவில்லை. பாவம், அவனுக்குச் சொன்னதை அவன் செய்தான்.

"கதவைச் சாத்துப்பா" என்றாள்.

"என்னக்கா?"

"சாத்துன்னு சொல்றேன். சாத்திட்டுத் தள்ளி நில்லு."

அவன் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்றான். டோர்கஸ் சாப்பாட்டுத் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு, கொண்டியைத் தூக்கி, கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு போனாள். கதவைப் பின்னால் சாத்தினாள். அடுத்து ஃபீபி வந்து, தானே திறந்து, தானே சாத்தினாள். அடுத்தவளும் அப்படியே. முப்பது பேரும் ஒவ்வொருவராகத் திறந்து சாத்திக்கொண்டு போகக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று தறி உள்ளவர்கள் எல்லாரும் ஆலைக்குக் கால் மணி நேரம் தாமதம். மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடித்தான். அது அநியாயம்தான். ஆனால் அந்த அரைநாள் கூலிக்காக ஒருத்தியும் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.